செங்காந்தள் உறங்கும் மாதங்கள்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு ஆண்டுகளாகச் செங்காந்தள் வளர்த்து வருகிறேன். முதல் கிழங்கைத் தந்தவர், தாராபுரம் பக்கம் விதைக்காக இதைப் பயிரிடும் என் பெரியப்பா. தமிழ்நாட்டின் மாநில மலரான இதை அவர் ஒரு நாளும் காந்தள் என்று சொன்னதில்லை. அவருக்கு அது கண்வலிக்கிழங்குதான்.

மே மாதத்து மழை இரண்டு பெய்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு தளிர் வரும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கைக்கு எட்டியதைப் பிடித்து ஏறும். பூ விரியும்போது பச்சை, பிறகு மஞ்சள், முதிர முதிர நெருப்பின் சிவப்பு என, ஓரம் நெளிந்த ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து நிற்பதைக் காண நான் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறேன். இதன் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கியிருப்பதால், பெரியப்பாவின் தோட்டத்தில் காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைப்பார்கள். நான் அதைச் செய்வதில்லை என்பதோடு, வாடிய பூக்களையும் உடனே கத்தரித்துவிடுகிறேன். காய் வெடித்தால் தெரியும் செந்நிற விதைகள் குழந்தைகளின் கண்ணை இழுக்கும். செடி முழுவதும் நஞ்சு என்றாலும், கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்சிசின் உயிரையே பறிக்கக்கூடியது.

ஆனால் நான் உண்மையில் அஞ்சுவது பூக்காத மாதங்களுக்குத்தான். மழைக்காலம் முடிந்து கொடி காய்ந்து உதிர்ந்த பின், தொட்டியில் வெறும் மண்ணும் அதற்குள் கலப்பை வடிவில் வளைந்த கிழங்கும் மட்டுமே இருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பொங்கலுக்கு முந்தைய வாரம், தொட்டி மாற்றுவதற்காகக் கிழங்குகளைத் தோண்டி, அடுக்களைக்குப் பின்னால் செய்தித்தாளில் உலர்த்தியிருந்தேன். பொங்கலுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளியோடு சேர்ந்தவை என்று எண்ணி, என் மாமியார் அவற்றைக் காய்கறிக் கூடையில் எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் காலை கிழங்கு கழுவ உட்கார்ந்தபோது, நுனியில் ஒற்றை முளையோடு வளைந்து கிடந்த ஒன்று என் கையில் அகப்பட்டது. வேகவைத்தாலும் கொல்சிசின் அழியாது. உண்ட சில மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும் என்பதால், எதனால் வந்தது என்றுகூட எங்களுக்குத் தோன்றியிருக்காது. கூடையில் இருந்த எல்லாவற்றையும் அன்று வெளியே கொட்டினேன். தவறு அத்தையுடையது அன்று. உணவுப்பொருள் புழங்கும் இடத்தில் அதை விரித்து வைத்த என்னுடையது.

இப்போது கிழங்கை வீட்டுக்குள் கொண்டுவருவதே இல்லை. நீர் விடாமல் தொட்டியிலேயே உறங்க விடுகிறேன். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், கையுறை அணிந்து, மாடியிலேயே பிரித்து, முளை ஒடியாமல் கிடைமட்டமாக அப்போதே நட்டுவிடுகிறேன். வேலைக்கு வரும் அக்காவுக்குக் கன்னடம்தான் வாசிக்கத் தெரியும் என்பதால், தொட்டியில் "விஷக்கிழங்கு, தொடாதீர்கள்" என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதியிருக்கிறோம். வெயிலிலும் மழையிலும் எழுத்து மங்கிவிடுகிறது. தை பிறப்பதற்கு முன் அதன்மேல் புதிதாகப் பெயின்ட் தீட்டுவது இப்போது அத்தையின் வேலை.