ஆளைக் கைவிடும் முன் இடத்தை மாற்றிப் பார்க்கலாம்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்எஃப்எல்லின் இறுதிப்போட்டி, சூப்பர் பவுல். 2022 பிப்ரவரியில் நடந்த 56ஆவது சூப்பர் பவுலில், குவார்ட்டர்பேக் எனும் பந்தெறிபவரைக் காக்க முன்னால் நிற்கும் ஐவர் வரிசையில், லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் வலது கார்டாக ஆடியவர் ஆஸ்டின் கார்பெட். அதே வரிசையின் ஓரத்தில், இடது டேக்கிளாக ஆடியவர் நாற்பது வயதான ஆண்ட்ரூ விட்வொர்த். கார்பெட்டை கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2018இல், 33ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்து, இரண்டாவது பருவம் பாதி கூட முடியாத நிலையில், 2019 அக்டோபரில், டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமைக்கு ஈடாக ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டது. விட்வொர்த்தைப் போகவிட்டதோ அன்று எதிர்ப்பக்கம் நின்ற சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியேதான். 2015 டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுகளில் எடுத்த இரண்டு இளம் டேக்கிள்கள் கைவசம் இருக்க, முப்பத்தைந்து வயதுக்காரருக்கு நீண்ட ஒப்பந்தம் எதற்கு என்று 2017இல் அது கணக்குப் போட்டது. அந்த இளைஞர்கள் தேறவில்லை. சூப்பர் பவுல் அன்று பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ பரோ பந்தை எறியும் முன்பே ஏழு முறை வீழ்த்தப்பட்டார். ராம்ஸ் 23-20 என்று வென்றது.

ஓர் அணி இளைஞரை அவசரப்பட்டு விட்டது. மற்றோர் அணி இளைஞர்களை அவசரப்பட்டு நம்பியது. ஆகவே, தடுமாறும் இளம் லைன்மேன்களை, அதாவது இந்த வரிசை வீரர்களை, என்எஃப்எல் அணிகள் சீக்கிரமே கைகழுவிவிடுகின்றனவா என்ற கேள்விக்கு, ‘ஆம், பொறுமை வேண்டும்’ என்று ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சில ஆண்டுகளாகப் பந்தை விட்டுவிட்டு வரிசையையே பார்க்கும் பழக்கம் எனக்கு ஏற்பட்டிருக்கிறது. அதில் எனக்குப் பட்டது இதுதான்: அணிகள் ஆளை அவசரப்பட்டு விடுகின்றன, ஆனால் அதற்கு முன், அவரை நிறுத்திய இடத்தை விட மனமில்லாமல் இரண்டு மூன்று ஆண்டுகளை வீணாக்கிவிடுகின்றன.

முதலில், இந்த வேலை ஏன் மெதுவாகக் கைவருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பந்தை ஏந்தி ஓடுபவருக்கு உள்ளுணர்வும் கால்களும் இருந்தால் முதல் ஆண்டிலேயே ஜொலிக்கலாம். தாக்குதல் வரிசையில் நிற்கும் ஐவருக்கு அப்படியில்லை. நடுவில் நிற்கும் சென்டருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், ஓரங்களில் இரண்டு டேக்கிள்கள் என்று நிற்கும் இவர்கள், பந்து நகர்ந்த கணத்தில் ஐந்து பேராக அல்லாமல் ஒரே ஆளாகச் சிந்திக்க வேண்டும். எதிரே நிற்கும் தற்காப்பு வீரர்கள் இருவர் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறிப் பாய்ந்தால், யாரை யாரிடம் ஒப்படைப்பது என்பது வாய்பேசாமல் முடிவாக வேண்டும். அந்தப் புரிதல் பக்கத்தில் நிற்பவரோடு பல நூறு முறை சேர்ந்து ஆடினால்தான் வரும். கையை எதிராளியின் மார்புக்குள் எப்போது வைப்பது, இடுப்பை எவ்வளவு தாழ்த்துவது, பின்னோக்கி எடுத்து வைக்கும் முதல் அடி எவ்வளவு நீளம் என்பவை எல்லாம் உடம்பில் ஏற வேண்டிய பாடங்கள். போதாக்குறைக்கு, இன்றைய கல்லூரி ஆட்டங்களில் பெரும்பாலானவை பரவலான அமைப்பில், பந்தை விரைவாக வெளியேற்றும் முறையில் ஆடப்படுவதால், கையைத் தரையில் ஊன்றி நின்று புறப்படும் அனுபவமே அதிகம் இல்லாத இளைஞர்கள் பலர் தொழில்முறைக்கு வருகிறார்கள்.

அப்படி வருபவர்களுக்குக் கற்றுக்கொள்ள எவ்வளவு நேரம் கிடைக்கிறது? 2011இல் வீரர்கள் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தம், ஒரே நாளில் இரண்டு முறை முழுக் கவசத்துடன் பயிற்சி செய்யும் வழக்கத்தை ஒழித்தது. பருவம் நடக்கும்போது கவசப் பயிற்சிகள் மொத்தமே 14 என்று வரம்பு கட்டியது. 2020 ஒப்பந்தம் பருவத்துக்கு முந்தைய முகாமிலும் அவற்றை 16 ஆகக் குறைத்தது. வசந்தகாலப் பயிற்சிகளில் கவசமே கிடையாது. வீரர்களின் உடல்நலனை, குறிப்பாகத் தலையில் படும் அடிகளை, எண்ணிப் பார்த்தால் இந்த வரம்புகளை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால், மோதலின்றி லைன்மேனின் கலையைக் கற்பிக்க முடியாது என்பதும் உண்மைதான். முன்பு இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி ஆடவைக்க என்எஃப்எல் யூரோப்பா என்ற தொடராவது இருந்தது. 2007இல் அதுவும் மூடப்பட்டது. ஆக, முன்னைவிடக் குறைவாகப் பயிற்சி கொடுத்துவிட்டு, முன்னைவிட விரைவாகத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

பயிற்சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஆண்ட்ரூ தாமஸ் நல்ல உதாரணம். 2020 டிராஃப்டில் நான்காவது ஆளாக எடுக்கப்பட்ட அவர், பெருந்தொற்றின் காரணமாக முன்பருவ ஆட்டங்கள் அனைத்தும் ரத்தான ஆண்டில், நேரடியாக இடது டேக்கிளாகக் களமிறக்கப்பட்டார். போதாததற்கு, அந்தப் பருவத்தின் நடுவிலேயே வரிசைப் பயிற்சியாளரும் நீக்கப்பட்டார். முதல் சில மாதங்கள் பார்க்கவே பரிதாபமாக இருந்தன. அவரை ஏமாற்றம் என்று அப்போதே முத்திரை குத்தியவர்கள் ஏராளம். 2022இல் அவர், பருவத்தின் சிறந்த வீரர்களைப் பட்டியலிடும் ஆல்-புரோ இரண்டாம் அணியில் இடம்பெற்றார். 2023இல் ஐந்து ஆண்டுகளுக்கு 11.75 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. நான்காவது தேர்வு என்பதால்தான் அவருக்கு அவ்வளவு அவகாசம் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே தடுமாற்றத்தை ஐந்தாம் சுற்றில் வந்த ஒருவர் காட்டியிருந்தால், அடுத்த ஆண்டு அவர் பெயர் யாருக்கும் நினைவிருந்திருக்காது.

அடுத்தது ஒப்பந்தத்தின் கடிகாரம். முதல் சுற்று வீரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள்; ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு என்றாலும், அதை மூன்றாவது பருவம் முடிந்த கையோடு, மே மாதத் தொடக்கத்துக்குள் தீர்மானித்துவிட வேண்டும். டென்வர் பிராங்கோஸின் காரெட் போல்ஸ் இந்தக் கெடுவில் மாட்டியவர். 2017இல் 20ஆவது ஆளாக வந்த அவர், எதிராளியைப் பிடித்து இழுத்ததற்காக மூன்று ஆண்டுகள் ஓயாமல் தண்டனை வாங்கினார். சொந்த மைதானத்து ரசிகர்களே கூச்சலிட்டார்கள். 2020 மே மாதத்தில் அவருடைய ஐந்தாம் ஆண்டு உரிமையை அணி மறுத்தது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே, லைன்மேனாக ஆடிப் புகழரங்கத்தில் இடம்பெற்ற மைக் மன்சாக் அங்கே வரிசைப் பயிற்சியாளராக வந்திருந்தார். அவரிடம் கற்றது 2020 பருவத்தில் கண்கூடாகப் பலித்தது. அதே ஆண்டு நவம்பரில், ஆறு மாதங்களுக்கு முன் தயங்கிய அதே அணி, நான்கு ஆண்டுகளுக்கு 6.8 கோடி டாலர் என்று கையெழுத்திட்டது. டென்வர் ஆளை விட்டுவிடவில்லை, கெடுவைத்தான் விட்டது. மூன்று பருவங்களில் ஒரு லைன்மேனை எடைபோட்டுவிடலாம் என்ற எண்ணம் எவ்வளவு கொஞ்சத்தில் தவறிப்போகிறது என்று இதில் தெரிகிறது.

பயிற்சியாளரும் பொது மேலாளரும் மாறும்போது இந்தக் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடுகிறது. முந்தையவர் தேர்ந்தெடுத்த இளைஞர் தேறினால் பெருமை முந்தையவருக்கு, தேறாவிட்டால் பழி புதியவருக்கு. இந்த நிலையில் யார்தான் காத்திருப்பார்கள்? டெட்ராய்ட் லயன்ஸ் 2015இல் 28ஆவது ஆளாக எடுத்த லேக்கன் டாம்லின்சன், பொது மேலாளர் மாறிய பின், 2017 ஆகஸ்டில் ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ 49அர்ஸுக்குப் போனார். அங்கே ஐந்து பருவங்கள் இடது கார்டு இடத்தை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. ஒரு சூப்பர் பவுல் ஆடினார், 2021 பருவத்துக்காக, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் புரோ பவுலுக்கும் தேர்வானார். கார்பெட்டின் கதையும் இந்த வகைதான். கல்லூரியில் இடது டேக்கிளாக இருந்தவரைக் கொண்டுவந்து, ஓர் இடத்திலும் வேரூன்றவிடாமல் வைத்திருந்து, பிறகு ‘இவர் சரிப்படமாட்டார்’ என்று முடிவுகட்டினார்கள்.

இனி, என் முக்கிய மனக்குறை. டேக்கிள் நிற்கும் ஓரம் திறந்தவெளி. எதிரே வருபவர் பெரும்பாலும் களத்திலேயே வேகமான பெரிய உடம்புக்காரர், அவரைத் தனியாக வளைத்துத் தடுக்கப் பக்கவாட்டில் விரையும் கால்கள் வேண்டும். கார்டுக்கு இருபுறமும் ஆள் இருப்பதால் வெளி குறைவு. அங்கே பலமும், தாழ்ந்த இடுப்பும், விரைந்த கைகளும் போதும். நல்ல டேக்கிள் கிடைப்பது அரிது என்பதால், உயரமும் நீண்ட கைகளும் உள்ள எவரையும் டேக்கிள் என்று நம்பி உயர்ந்த தேர்வைச் செலவழிக்கிறார்கள். அவருக்கு ஓரத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது முதல் பருவத்திலேயே தெரிந்தாலும், ‘முதல் பத்துக்குள் எடுத்தவரைக் கார்டாக நிறுத்துவதா’ என்ற கௌரவப் பிரச்சினை குறுக்கே வருகிறது. எரெக் ஃபிளவர்ஸைப் பாருங்கள். 2015இல் ஒன்பதாவது ஆளாக ஜயன்ட்ஸுக்கு வந்து, மூன்று பருவங்கள் இடது ஓரத்தில் அடிபட்டார். 2018இல் வலது ஓரத்துக்கு மாற்றப்பட்டு, இரண்டு ஆட்டங்களில் இடமிழந்து, அக்டோபரில் வெளியேற்றப்பட்டார். 2019இல் வாஷிங்டன் அவரை இடது கார்டாக நிறுத்தியது. பருவம் முழுக்க ஆடினார். 2020இல் மயாமி டால்ஃபின்ஸ் மூன்று ஆண்டுகளுக்கு 3 கோடி டாலர் கொடுத்தது. ஐந்து அடி உள்ளே தள்ளி நிறுத்திப் பார்க்க நியூயார்க்கில் ஒருவருக்கும் தோன்றவில்லையா, அல்லது தோன்றியும் சொல்லத் துணிவில்லையா?

இது புதிய பாடமும் அல்ல. 2004இல் இரண்டாவது ஆளாக வந்த ராபர்ட் கேலரியை டேக்கிளாக வைத்துத் தோற்ற ரெய்டர்ஸ், 2007இல் இடது கார்டாக மாற்றி, அடுத்த நான்கு பருவங்கள் பயன்பெற்றது. அதே 2007இல், 2001இன் இரண்டாவது தேர்வான லெனார்ட் டேவிஸை ஒப்பந்தம் செய்த டாலஸ் கவ்பாய்ஸ், அரிசோனாவில் இடது டேக்கிளாகத் திணறியவரை வலது கார்டாக நிறுத்தியது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவர் புரோ பவுலுக்குத் தேர்வானார். அண்மையில் மெக்கை பெக்டன்: 2020இல் ஜெட்ஸின் 11ஆவது தேர்வு, முழங்கால் காயங்களால் ஏறத்தாழ இரண்டு பருவங்களை இழந்தவர். 2024இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் அவரை வலது கார்டாக்கினார். பருவத்தின் முடிவில் சூப்பர் பவுல் மோதிரம்.

எதிர்வாதம் வலுவானது என்பதை மறைக்க விரும்பவில்லை. லைன்மேன் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் செலுத்துபவர் அவருக்குப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக். 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணியில், டேவிட் கார் முதல் பருவத்திலேயே 76 முறை வீழ்த்தப்பட்டார். அந்தச் சாதனை ஒருவருக்கும் வேண்டாதது. ஒரு கார்டின் வளர்ச்சிக்காக அணியின் எதிர்காலத்தையே உடைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தவிர, விட்டது சரிதான் என்று காலம் சொன்ன கதைகளும் உண்டு. 2021இல் ரெய்டர்ஸ் 17ஆவதாக எடுத்த அலெக்ஸ் லெதர்வுட், டேக்கிளாகத் தொடங்கி, சில வாரங்களிலேயே கார்டாக மாற்றப்பட்டு, நிர்வாகம் மாறியதும் 2022 ஆகஸ்டில் ஒரே பருவத்தோடு வெளியேற்றப்பட்டார். அப்போது எனக்கு அது கொடுமையாகத் தோன்றியது. சிகாகோ பேர்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அங்கும் அவர் தேறவில்லை. ராம்ஸும் 2014இன் இரண்டாவது தேர்வான கிரெக் ராபின்சனை மூன்று பருவங்கள் பார்த்துவிட்டு, 2017இல் ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்குத் தள்ளிவிட்டது. அந்த இடத்துக்குத்தான் விட்வொர்த் வந்தார். அந்தப் பரிமாற்றத்தைக் குறைசொல்ல என்னால் முடியவில்லை.

பொறுமைக்கு வசதி வேண்டும் என்பதைத்தான் ஜோர்டன் மைலாட்டாவின் கதையும் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடாத நிலையில் 2018இன் கடைசிச் சுற்றில் ஈகிள்ஸ் அவரை எடுத்தது. ஸ்டவுட்லாண்டிடம் இரண்டு பருவங்கள் களத்தில் இறங்காமலே கற்றார். முன்னால் ஜேசன் பீட்டர்ஸ் என்ற மாபெரும் டேக்கிள் நின்றதால் அது சாத்தியமாயிற்று. 2020இல் காயங்களால் வழி திறந்தது. 2021இல், முதல் சுற்றில் வந்த ஆண்ட்ரே டில்லர்டையே போட்டியில் பின்தள்ளி இடது டேக்கிள் இடத்தைப் பிடித்தார். முன்னால் ஒரு நல்லவர் நிற்கும் அணிதான் பின்னால் ஒருவரை ஊறவைக்க முடியும். ஆனால் முதல் பத்துக்குள் தேர்வு கிடைக்கும் அணிகளிடம் அப்படி ஒருவர் இருப்பதில்லை. மிகவும் பக்குவப்படாத இளைஞர்கள் மிகவும் பலவீனமான வரிசைகளில் உடனே நிறுத்தப்படுவதன் காரணம் இதுவே.

ஆகவே, ஓர் இளைஞரை வைத்துக்கொள்வதா விடுவதா என்று என்னைக் கேட்டால், எத்தனை சாக் (குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) கொடுத்தார் என்ற எண்ணிக்கையை முதலில் பார்க்க மாட்டேன். எப்படித் தோற்றார் என்பதைப் பார்ப்பேன். கை தாமதித்துத் தோற்றால், இருவர் இடம் மாறும்போது குழம்பித் தோற்றால், அது கற்பிக்கக்கூடியது. இன்னும் ஓராண்டும் ஒரு நல்ல பயிற்சியாளரும் கொடுக்கலாம். வெளிப்புறமாகச் சுற்றி ஓடுபவரிடம் கால் எட்டாமல் தோற்றால், இரண்டாவது முகாமிலேயே உள்ளே நகர்த்திவிட வேண்டும். உள்ளேயும் பலத்தால் பின்னுக்குத் தள்ளப்பட்டால் மட்டுமே கைவிடுவது நியாயம். இந்த முறைவரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. ஜயன்ட்ஸ் 2022இல் ஏழாவது ஆளாக எடுத்த இவான் நீலை, காயங்களுக்கிடையே மூன்று பருவங்கள் வலது டேக்கிளாக வைத்திருந்து, 2025இல் ஐந்தாம் ஆண்டு உரிமையை மறுத்த பிறகுதான், ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில், கார்டாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. ஃபிளவர்ஸை விட்ட அதே அணிதான் அது.