ஊரைச் சுற்றிப் போனால் காசு குறையுமா?

மலேசியாவின் பத்தாங் காலியைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளில் பலர் இன்று வேலை பார்ப்பது கோலாலம்பூரின் நடுவில் அல்ல. கோத்தா டாமான்சாரா, பண்டார் உத்தாமா என அதன் மேற்கு ஓரத்தில். ஆகவே, நடுநகரைத் தொடாமல் சுற்றிப் போகும்படி திட்டமிடப்பட்டிருக்கும் எம்ஆர்டி நகர ரயிலின் வட்டப் பாதையைப் பற்றிய பேச்சு எங்கள் காப்பிக் கடையிலும் எழுகிறது. நிலையம் எங்கே வரும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. கட்டணத்தை யாரும் கேட்பதில்லை. அந்த ரயிலில் ஆள் ஏறுவதும் ஏறாததும் பாதி அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

லண்டனில் கட்டண மண்டலங்கள் நடுநகரிலிருந்து வெளியே வளையம் வளையமாக விரிகின்றன. முதல் மண்டலத்துக்குள் நுழைந்துவிட்டால் கட்டணம் ஏறிவிடும். 2012 டிசம்பரில் முழு வட்டமாக இணைந்த ஓவர்கிரவுண்ட் என்ற நகர ரயில் பாதைகளோ பெரும்பாலும் இரண்டாம் மண்டலத்தில் ஓடுகின்றன. அதனால் கிளாப்பம் ஜங்ஷனிலிருந்து ஸ்டிராட்ஃபர்டுக்குச் சுற்றிப் போகிறவர், நடுநகர் வழியாகப் போகிறவரைவிடக் குறைவாகக் கொடுக்கிறார். ஆனால் அவர் எந்த வழியில் வந்தார் என்று நிலைய வாசலில் பயண அட்டையைத் தொடும் கதவுக்குத் தெரியாது. இதற்காகவே, வண்டி மாறும் சில நிலையங்களின் உள்ளே இளஞ்சிவப்பு நிறக் கருவிகளை வைத்திருக்கிறார்கள். அதில் அட்டையைத் தொட்டால் நடுநகரைத் தவிர்த்தது கணக்கில் ஏறும். தொட மறந்தவருக்கு நடுநகர்க் கட்டணம் பிடிக்கப்படலாம். சலுகையைக் கொடுத்துவிட்டு அதை நினைவாற்றலோடு முடிச்சுப் போடுவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எனினும் எல்லைக்கோட்டின் வலிமையை அங்கே கண்கூடாகக் காணலாம்: 2016 ஜனவரியில் ஸ்டிராட்ஃபர்ட் நிலையத்தை மூன்றாம் மண்டலத்திலிருந்து இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவான எல்லைக்கு மாற்றினார்கள், புதிதாக ஒரு தண்டவாளம்கூடப் போடாமல் பலருடைய கட்டணம் குறைந்தது.

பெர்லின் இதற்கு நேர்மாறு. அங்கே 37 கிலோமீட்டர் நீளமுள்ள வட்ட ரயில்தான் ‘ஏ’ மண்டலத்தின் எல்லை. வட்டத்தில் உள்ள 27 நிலையங்களும் நடுநகரோடு சேர்ந்தவை. எனவே சுற்றிப் போவதால் ஒரு காசும் மிச்சமில்லை. இருந்தும் கூட்டம் ஏறுகிறது, ஏனெனில் வண்டி அடிக்கடி வருகிறது, நகரின் மற்றப் பாதைகளை ஆங்காங்கே தொட்டுக்கொண்டே ஒரு மணி நேரத்தில் முழு வட்டத்தையும் முடிக்கிறது. பாரிஸ் வட்டாரத்தில் 2025 ஜனவரி முதல், விமான நிலையப் பயணம் நீங்கலாக, மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒற்றைப் பயணச்சீட்டு ஒரே விலை; 2025இல் அது 2.50 யூரோவாக இருந்தது. அங்கே இனி வரும் வட்டப் பாதைகள் நேரத்தை மிச்சப்படுத்தித்தான் ஆளை இழுக்க வேண்டும்.

நம் நாட்டில் மண்டலம் என்ற சொல் புழக்கத்தில் இல்லையே தவிர எல்லை இருக்கிறது. அதை வரைந்திருப்பது, ரயில்களை வெவ்வேறு நிறுவனங்கள் நடத்தும் பிரிவு. பத்தாங் காலியில் கேடிஎம் நிறுவனத்தின் கொமுட்டர் புறநகர் ரயிலில் ஏறுகிறவர் சுங்கை பூலோவில் இறங்கி, அட்டையைத் தொட்டு வெளியேறி, நடைபாலத்தைக் கடந்து எம்ஆர்டி கதவில் மீண்டும் தொட்டு, குவாசா டாமான்சாராவில் வண்டி மாறி அந்த மேற்கு ஓரத்துக்குப் போகலாம். இதுவும் நடுநகரைத் தவிர்க்கும் வழிதான். ஆனால் 30 நாளைக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கும் மை50 பயணச்சீட்டு, எம்ஆர்டி உள்ளிட்ட ரேப்பிட் கேஎல் வண்டிகளுக்கு மட்டுமே செல்லும். கொமுட்டர் காசு தனி. எங்கள் லயத்துப் பையன் ஒருவன், “அண்ணே, ரெண்டு தடவ காசு கட்டுறதுக்கு மோட்டார்லயே போயிரலாம்,” என்றான். மழைக் காலத்தில் லாரிகளுக்கு நடுவே அவன் போவதை நினைத்தால் வயிறு கலங்குகிறது, ஆனால் அவன் கணக்கில் பிழையில்லை.

சுமார் 51 கிலோமீட்டருக்குத் திட்டமிடப்பட்டிருக்கும் வட்டப் பாதை வந்தாலும் இந்த நிலை தானாக மாறாது. மை50 வைத்திருக்கும் நகரவாசிக்கு நடுவே போவதும் சுற்றிப் போவதும் ஒரே செலவு என்பதால், அவர் நேரத்தை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பார். நெரிசலான நடுநகர் நிலையங்களிலிருந்து அவரை விலக்க விலையைக் கொண்டு எதுவும் செய்ய முடியாது. தொலைவை அளந்து காசு வாங்கினாலோ சுற்றுவழிக்காரர் கூடுதலாகக் கொடுக்க நேரும். இரண்டில் இதுதான் மோசம். தோட்டப்புறத்திலிருந்து வருகிற எங்களுக்கு அந்த வட்டத்தை அடையும் வழி கொமுட்டர். ஆகவே புதிய பாதை திறக்கும் நாளிலாவது மாதச் சீட்டில் கொமுட்டரையும் சேர்க்க வேண்டும். அதற்காக விலையை 50 வெள்ளிக்கு மேல் சற்று உயர்த்தினாலும், இரண்டு முறை கட்டுவதைவிடக் குறைவாக இருந்தால் எங்கள் ஊரில் வாங்குவார்கள்.