பிளஸ் டூ கணிதம்: எந்தப் பாடத்தை விடலாம்?

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மாலையில் என்னிடம் கணக்குப் போட வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணா, எந்தச் சாப்டர விட்டுடலாம்?" நானும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன்தான். இந்தக் கேள்வியில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. பன்னிரண்டு பாடம், இரண்டு தொகுதி, கூடவே இயற்பியல், வேதியியல். ஏதாவது ஒன்றைக் கைவிட்டால்தான் மூச்சு விட முடியும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் எதை விடுகிறோம் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். (இது கணிதப் பாடத்துக்கு மட்டும். வணிகக் கணிதம் எழுதுகிறவர்களுக்குக் கதை வேறு.)

முதலில் வினாத்தாளைப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண், அகமதிப்பீடு 10. ஒரு மார்க் 20 கேள்வி, அனைத்தும் எழுத வேண்டும். இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு, அதில் 30-வது கேள்வி கட்டாயம். மூன்று மார்க்கிலும் பத்துக்கு ஏழு, 40-வது கட்டாயம். ஐந்து மார்க் ஏழு கேள்வி, ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் அச்சில் இருப்பது 140 மதிப்பெண்ணுக்கான கேள்வி, நாம் எழுதுவது 90-க்கு. சாய்ஸ் தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும்.

தாராளம் இரண்டு, மூன்று மார்க்கில் மட்டும்தான். ஒரு மார்க்கில் சாய்ஸே கிடையாது, அது பன்னிரண்டு பாடத்தையும் தொட்டு வரும். கட்டாய வினா எங்கிருந்து வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, பெரும்பாலும் புத்தகத்தில் அப்படியே இல்லாத கணக்காகத்தான் இருக்கும். ஐந்து மார்க்கில் பதினான்கு கேள்வி இருந்தாலும் அதில் பிடித்த ஏழை எடுக்க முடியாது. ஜோடி ஜோடியாகத்தான் தேர்வு. ஒரு ஜோடியில் இரண்டுமே நீங்கள் விட்ட பாடமாக அமைந்தால் அந்த ஐந்தும் போச்சு.

இதையெல்லாம் பலரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு: இந்தப் புத்தகத்தில் பாடங்கள் தனித்தனியாக நிற்கவில்லை. ஒன்றை விட்டால் அதோடு இன்னும் இரண்டு சாயும்.

தொகையிடலை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன்பதாவது பாடம் கஷ்டம், விட்டுட்டேன்' என்று சொல்லும் பையன், பத்தாவது பாடமான வகைக்கெழுச் சமன்பாடுகளில் மாறிகளைப் பிரித்து வைத்துவிட்டு அடுத்த வரியில் நின்றுவிடுவான். அங்கே தொகையிட வேண்டும். பதினொன்றாவது நிகழ்தகவு பரவல்களில் பாதி, தொடர்ச்சியான சமவாய்ப்பு மாறி. அடர்த்திச் சார்பைத் தொகையிட்டால் 1 வர வேண்டும் என்பதுதான் அங்கே முதல் படி. சராசரி, பரவற்படி இரண்டுக்கும் தொகையிடல்தான். ஒன்பதில் வரும் காமா தொகையைத் தெரிந்துவைத்திருந்தால் பதினொன்றில் அடுக்குக்குறிச் சார்பு வரும் கணக்குகளை இரண்டே வரியில் முடித்துவிடலாம். தெரியாவிட்டால் பகுதி பகுதியாகத் தொகையிட்டு அரைப் பக்கம் ஓடும். ஆக, ஒன்றை விடுவதாக நினைத்து மூன்றை விடுகிறோம்.

சங்கடம் என்னவென்றால், ஒன்பதாவது பாடத்தின் வேர் பிளஸ் டூ புத்தகத்தில் இல்லை. பிளஸ் ஒன் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. ஏழும் எட்டும் அப்படித்தான், வகையிடல் கைவராமல் பெருமம், சிறுமம் கணக்குகளுக்குள் நுழைய முடியாது. அதனால் என் முதல் ஆலோசனை பலருக்குப் பிடிக்காது: பிளஸ் டூ நுண்கணிதத்தைத் தொடுமுன் பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறந்து, வகையிடல், தொகையிடல் சூத்திரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து எளிய கணக்கு போட்டுவிடுங்கள். புத்தகத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தால் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். "இனிமே போய் பழைய பாடமா?" என்று அலுத்துக்கொள்கிறவர்கள்தான் ஒன்பதாவது பாடத்தில் ஒவ்வொரு கணக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அது எத்தனை நாள் நிற்கும்?

அடுத்த சங்கிலி அணிக்கோவை. முதல் பாடத்தில் மூன்று வரிசை அணிக்கோவையைப் பிழையில்லாமல் விரிக்கத் தெரிந்தவருக்கு ஆறாவது பாடமான வெக்டர் பாதி முடிந்த மாதிரி. திசையிலி முப்பெருக்கம், மூன்று புள்ளி வழியே செல்லும் தளம், இரு கோடுகள் ஒரே தளத்தில் அமைகின்றனவா என்ற சோதனை, எல்லாமே கடைசியில் ஓர் அணிக்கோவைதான். வெக்டரில் தடுமாறுகிற பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால், வெக்டர் சரியாகவே இருக்கும், விரிவாக்கத்தில் நடு உறுப்பின் குறி மட்டும் தவறியிருக்கும். கலப்பெண்களும் சமன்பாட்டியலும் இன்னொரு ஜோடி. கெழுக்கள் மெய்யெண்களாக இருந்தால் ஒரு கலப்பெண் மூலத்தோடு அதன் இணையும் மூலமாக வரும், அதுவே மூன்றாவது பாடத்தின் பல கணக்குகளுக்குத் திறவுகோல்.

அப்படியானால் யாரையும் சாராமல் நிற்பவை எவை? நான்காவது பாடமான நேர்மாறு முக்கோணவியல், ஐந்தாவதான இரு பரிமாண பகுமுறை வடிவியல், பன்னிரண்டாவதான தனிநிலைக் கணிதம். நேரமே இல்லை, ஏதாவது ஒன்றைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் நான் நான்காவது பாடத்தில்தான் கை வைப்பேன். அதிலும் முதன்மை மதிப்பு எந்த இடைவெளியில் அமையும் என்பதை மட்டும் விடமாட்டேன். 120 டிகிரியின் சைனுக்கு நேர்மாறு சைன் எடுத்தால் 120 வராது, 60 டிகிரிதான் வரும். ஒரு மார்க்கில் விரித்து வைக்கப்படும் வலை இதுதான்.

தனிநிலைக் கணிதத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பாடம் என்பதாலேயே பல பள்ளிகளில் அது ஓட்டமும் நடையுமாக முடிகிறது. உண்மையில் இதற்கு முன் எந்தப் பாடத்தில் கோட்டை விட்டிருந்தாலும் உங்களால் படிக்க முடிகிற பாடம் அது. மெய்மை அட்டவணையில் இரண்டு கூற்று என்றால் நான்கு வரிசை, மூன்று என்றால் எட்டு. நிபந்தனைக் கூற்று ஒரே ஓர் இடத்தில்தான் தவறு: முதலாவது சரி, இரண்டாவது தவறு. இது மனதில் இருந்தால் மெய்ம்மமா, சமானமா என்ற கேள்விகள் வெறும் நிரப்பும் வேலை. ஈருறுப்புச் செயலியில் மட்டு 11-இன் பெருக்கலை 1, 3, 4, 5, 9 என்ற கணத்தில் அட்டவணை போட்டுப் பாருங்கள். வெளி எண் எதுவும் வரவில்லை என்பதால் அடைவு தெரியும், மூலைவிட்டத்துக்கு இருபுறமும் சமச்சீர் என்பதால் பரிமாற்று தெரியும், சமனி 1. மூன்றுக்கு எதிர்மறை 4, ஐந்துக்கு 9, ஒன்றுக்கு ஒன்றே. ஒவ்வொரு பண்பையும் தனி வரியில், தலைப்பிட்டு எழுதுங்கள். ஐந்து மார்க் முழுதாகக் கிடைக்கிற இடம் இது. எனவே நான் சொல்லித்தரும்போது முதல் பாடம் முடிந்ததும் நேரே பன்னிரண்டுக்குத் தாவிவிடுவேன். பயந்து வருகிற பிள்ளைக்கு 'நம்மால் முடியும்' என்று தோன்ற வேண்டுமே! அதன்பின் ஆறு, இரண்டு, மூன்று. பிறகு பிளஸ் ஒன் சூத்திரம், ஏழிலிருந்து பதினொன்று வரை தொடர்ச்சியாக. ஐந்தாவதை நடுவில் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம்.

இனி, கணக்கு தெரிந்தும் மார்க் போகிற இடங்கள்.

ரோலின் தேற்றக் கணக்கில் பலர் நேராக வகைக்கெழுவைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி விடை எழுதிவிடுகிறார்கள். மூடிய இடைவெளியில் தொடர்ச்சி, திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கது, இரு முனையிலும் மதிப்பு சமம் என்ற மூன்றையும் சரிபார்த்து எழுதினால்தான் தேற்றத்தைப் பயன்படுத்தவே உரிமை வருகிறது. திருத்துகிறவர் படிக்குப் படி மார்க் போடுகிறார். எழுதாத படிக்கு அவர் எப்படிப் போடுவார்?

பரவளைய வளைவுக் கணக்கு இன்னொன்று. அடியில் 40 மீட்டர் அகலம், நடுவில் 16 மீட்டர் உயரமுள்ள வளைவு, மையத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி உயரம் என்ன? முனையை ஆதியாக வைத்துப் போட்டால் 4 என்று வரும். நிறையப் பேர் அதையே விடையாக எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். அந்த 4 உச்சியிலிருந்து கீழே இறங்கிய அளவு, உயரம் 12 மீட்டர். ஓர் உதவிப்படம் வரைந்து அதில் 16, 20, 10 மூன்றையும் குறித்துவிட்டால் இந்தத் தவறு வரவே வராது. படத்துக்குப் பென்சிலை எடுக்கச் சோம்பல் படாதீர்கள்.

நியூட்டனின் குளிர்ச்சி விதியில் மடக்கை எண்ணைப் பார்த்ததும் மிரள வேண்டாம். அறை 25 டிகிரி, நீர் 100-லிருந்து பத்து நிமிடத்தில் 80-க்கு வந்தது, இருபதாவது நிமிடத்தில் எவ்வளவு? அறையைவிடக் கூடுதலாக இருந்த வெப்பம் 75-லிருந்து 55 ஆனது, அதாவது 15-க்கு 11 என்ற விகிதம். அடுத்த பத்து நிமிடத்திலும் அதே விகிதம்தான்: 55-ஐ 11-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 40.33. அறையின் 25-ஐச் சேர்த்தால் 65.33 டிகிரி. தேர்வில் வகைக்கெழுச் சமன்பாட்டிலிருந்து தொடங்கி முறையாகத்தான் எழுத வேண்டும், ஆனால் விடை சரிதானா என்று பார்க்க இந்தக் குறுக்குக் கணக்கு ஓரத்தில் போதும். கால்குலேட்டர் கிடையாது என்பதால் இப்படிக் கைக்கணக்கில் வேகம் இருப்பது பெரிய பலம்.

ஒரு மார்க்குக்கு வருவோம். புக் பேக் கேள்விகளின் விடையை எழுத்தோடு மனப்பாடம் செய்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. விருப்பங்களின் வரிசையை மாற்றிக் கேட்டாலோ எண்ணை மாற்றினாலோ அது கைகொடுக்காது. காரணத்தோடு படித்தால் ஒரே கருத்து பல கேள்விக்கு உதவும். மூன்று வரிசை அணியின் அணிக்கோவை 5 என்றால் சேர்ப்பு அணியின் அணிக்கோவை 25. அதே அணியை 2-ஆல் பெருக்கினால் அணிக்கோவை இரு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். கற்பனை அலகின் அடுத்தடுத்த நான்கு அடுக்குகளைக் கூட்டினால் பூச்சியம், எங்கே தொடங்கினாலும். விடை எழுதும்போது குறியீட்டையும் விடையையும் சேர்த்தே எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் வெறும் எழுத்தை மட்டும் போட்டுவிட்டு வருகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

தேர்ச்சி பெற்றால் போதும் என்பவர்களும் பொறியியல் கட்-ஆஃபுக்காகப் படிப்பவர்களும் ஒரே மாதிரி தயாராக வேண்டியதில்லை. முன்னவர்களுக்கு ஒன்று, பன்னிரண்டு, ஆறு, கூடவே எல்லாப் பாடத்திலிருந்தும் ஒரு மார்க். இதைச் செம்மையாக முடித்தாலே பயம் விலகிவிடும். பின்னவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: 200-க்கான கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் தவறவிடும் ஒரு மார்க் அப்படியே ஒரு மார்க்காகக் குறையும், மற்ற இரண்டிலும் அரை மார்க்தான். கட்-ஆஃப் சமமாக இருந்தால் தரவரிசையில் முதலில் பார்ப்பதும் கணிதத்தைத்தான். ஆகவே இவர்கள் எந்தப் பாடத்தையும் விட முடியாது. எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் பயிற்சிக் கணக்குகள் அளவுக்கே மதித்துப் போட வேண்டும், எண்ணை மாற்றியும் போட்டுப் பார்க்க வேண்டும்.

திருப்புதல் தேர்வுகளை வீட்டிலும் ஒருமுறை முழு மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். நான் சொல்லும் கணக்கு: ஒரு மார்க்குக்கு 20 நிமிடம், இரண்டு மார்க்குக்கு 25, மூன்று மார்க்குக்கு 40, ஐந்து மார்க்குக்கு 75. மீதி இருபது நிமிடம் கையில் நிற்கும். ஐந்து மார்க்கை முதலில் எழுதச் சொல்வோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை, முதல் ஐந்து மார்க்கே சிக்கிக்கொண்டால் கை நடுங்கி மற்றவையும் கெடும். படிக்கத் தரும் நேரத்தில் ஏழு ஜோடியிலும் எதை எழுதுவது என்று முடிவு செய்துவிடுங்கள். கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும், ஒரு வரி குழப்பினால் மற்றதையும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி இருபது நிமிடத்தில் எல்லாக் கணக்கையும் மறுபடி போட முடியாது. சரிபார்க்க எளிதானவற்றை மட்டும் பாருங்கள். நேர்மாறு அணியின் முதல் வரிசையை மூல அணியோடு பெருக்கினால் 1, 0, 0 வருகிறதா? மூன்று மாறிச் சமன்பாட்டின் விடைகளை மூன்றாவது சமன்பாட்டில் இட்டால் பொருந்துகிறதா? கனச் சமன்பாட்டின் மூலங்களைக் கூட்டினால் கெழு சொல்லும் எண் வருகிறதா? நிகழ்தகவு அட்டவணையின் கூட்டுத்தொகை 1-ஆ? மாறிலிக்கு 1/6, −1 என இரண்டு விடை வந்திருந்தால், நிகழ்தகவு குறை எண்ணாக இருக்காது என்று ஒரு வரி எழுதி −1-ஐ நீக்கியிருக்கிறீர்களா? பரப்புக் கணக்கில் 'சதுர அலகுகள்' இருக்கிறதா? பிறகு கேள்வி எண்களை ஒருமுறை ஒத்துப்பாருங்கள், முக்கியமாக 30-ம் 40-ம்.