கம்ப்யூட்டருக்குத் தெரியாத கோளாறு

இங்கிலாந்தில் ஜெட் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) பந்தயத்தில் இறங்கும் ஆசையில் பழைய சீ-டூ ஸ்பார்க் ஒன்று வாங்கினேன். 899 சிசி, 90 குதிரைத்திறன். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட மலிவாக உருப்படியான வண்டி கிடைக்காது. ஆர்ஒய்ஏ-வின் (படகோட்டிகளுக்கான பிரிட்டிஷ் சங்கம்) ஒருநாள் பயிற்சி, டிரெய்லர் எல்லாம் சுலபமாக முடிந்தன.

மூன்றாவது வாரம் ஆரம்பித்தது வினை. த்ராட்டிலை அழுத்தினால் என்ஜின் அலறுகிறது, வண்டியோ சும்மா தவழ்கிறது. பக்கத்து ஊர் டீலரிடம் கொண்டுபோனேன். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்களாம், ஃபால்ட் கோட் எதுவும் வரவில்லையாம். ஸ்பார்க் பிளக்கை மாற்றிவிட்டு 210 பவுண்டு பில் நீட்டினார்கள். மறுநாள் தண்ணீரில் இறக்கினால் அதே அலறல். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "நீங்கள் வெயிட் அதிகமோ?" என்றார் கவுண்டரில் இருந்தவர். எழுபத்திரண்டு கிலோ ஐயா நான்!

அப்புறம்தான் புத்தி வந்தது. ஒரு பந்தயம் நடந்த இடத்துக்கு வண்டி இல்லாமல் சும்மா போய், பிட்டில் (வண்டிகளைத் தயார்செய்யும் இடம்) நின்றவர்களிடம், "பம்ப்பை யாரிடம் கழற்றக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே ஆளின் நம்பரைத் தந்தார்கள். அவர் போனில் முதலில் கேட்டதே, "வண்டியை எங்கே ஸ்டார்ட் செய்கிறாய்?" என்றுதான். சசெக்ஸ் பக்கம், கூழாங்கல் கரையில், முழங்கால் தண்ணீரில் என்றேன். சிரித்துவிட்டார்.

அவருடைய ஷெட்டில் பம்ப்பைக் கழற்ற அதிக நேரம் ஆகவில்லை. தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் தள்ளி வண்டியை ஓட்டுவது இந்தப் பம்ப்தான்; அதற்குள் சுழலும் விசிறிதான் இம்பெல்லர். அதைச் சுற்றியிருக்கும் 'வேர் ரிங்' எனும் தேய்மான வளையம் பிளாஸ்டிக்தான். அதில் நகம் இறங்கும் அளவுக்கு ஒரு பள்ளம். கல்லை உறிஞ்சியிருக்கிறது. அந்த இடைவெளி பெரிதானால் தண்ணீரைப் பிடித்துத் தள்ள முடியாது, இம்பெல்லர் வெறுமனே சுற்றும். இதையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. புது ரிங், இம்பெல்லர் ஓரத்தைச் சரிசெய்த கூலி எல்லாம் சேர்த்தும் டீலர் பில்லில் பாதி வரவில்லை.

வண்டி சரியாயிற்று, ஆள் சரியாகவில்லை. முதல் பந்தயத்தில் பரிசோதகர் என் முதுகுக் கவசம் எங்கே என்று கேட்டார். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், கில் ஸ்விட்ச் கயிறு (ஆள் விழுந்தால் என்ஜினை நிறுத்துவது) எல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை. பக்கத்து டென்ட்காரர் ஒன்று இரவல் தந்தார், புண்ணியவான். விதிப் புத்தகத்தை முந்தின இரவே படித்துவிடுங்கள். இன்ஷூரன்ஸையும் பாருங்கள்: சாதாரண பாலிசியில் பந்தயம் பெரும்பாலும் சேராது.

தொடக்கக் கோட்டில் கட்டியிருந்த ரப்பர் கயிறு விடுபட்டதும் பாய்ந்தேன். சிவப்பு மிதவையில் இடப்பக்கம் திரும்பு, மஞ்சளில் வலப்பக்கம் திரும்பு என்று மனப்பாடம் செய்திருந்தும் ஒன்றைத் தவறவிட்டேன். பதினோரு பேரில் ஒன்பதாவது. ஆனாலும் இரண்டு பேரை முந்தியது நிஜம்!

இப்போதெல்லாம் இடுப்புக்கு மேல் தண்ணீர் வரும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறேன். ஏப்ரல் மாதக் கடல், பல் கிட்டுகிறது.