உங்கள் நிறுவனம் யார் கையில் இருக்கிறது?

நெதர்லாந்தில், வெப்பப்படக் கேமராக்களுக்கு மென்பொருள் எழுதும் சிறு நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தங்களைக் கவனிப்பது என் வேலை. ஸ்பெயின் நிறுவனம் ஒன்றின் தலைமையில், நார்வே நிறுவனம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, ராணுவத் தொழில்நுட்ப ஆய்வுக்கும் உருவாக்கத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் ஐரோப்பிய பாதுகாப்பு நிதியத்துக்கு விண்ணப்பித்தோம். 2021 முதல் 2027 வரைக்கும் சுமார் 800 கோடி யூரோ ஒதுக்கப்பட்ட நிதியம் இது. பொதுவாக, மூன்று நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். நார்வே ஒன்றியத்தில் இல்லை. ஆனால் நிதியத்தில் சேர்ந்துகொண்ட வெளிநாடு, அதாவது இணைவு நாடு என்பதால் கணக்கில் வரும்.

தொழில்நுட்ப அறிக்கையைப் பொறியாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். என் தலையில் விழுந்தது உரிமைக் கட்டுப்பாட்டு உறுதிமொழி. ஒன்றியத்துக்கும் இணைவு நாடுகளுக்கும் வெளியே இருக்கும் அரசோ நிறுவனமோ உங்களைக் கட்டுப்படுத்துகிறதா என்று நிதியத்தின் சட்டமான 2021/697 ஒழுங்குவிதியின் 9ஆம் பிரிவு கேட்கிறது. எங்களிடம் ஓர் அமெரிக்க முதலீட்டாளர் உண்டு. அவருடைய பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை. “பெரும்பான்மை நம்மிடம்தானே?” என்றார் நிர்வாக இயக்குநர். சட்டம் சதவீதத்தோடு நிற்பதில்லை. முடிவுகளைத் தீர்மானிக்கும் செல்வாக்கு இருந்தாலே அது கட்டுப்பாடுதான், இடையில் எத்தனை நிறுவனங்கள் இருந்தாலும். பங்குதாரர் ஒப்பந்தத்தைப் பிரித்தால், ஆண்டு பட்ஜெட்டையும் தலைமை அதிகாரி நியமனத்தையும் அவர் தடுக்கலாம் என்று ஒரு வரி உட்கார்ந்திருந்தது.

வழிகள் இரண்டு. ரகசியத் தகவல் வெளியே போகாது, ஆய்வின் பலன்கள் எங்களிடமே இருக்கும் என்று நெதர்லாந்து அரசின் ஒப்புதலுடன் உத்தரவாதம் கொடுக்கலாம். அல்லது அந்த வரியையே எடுத்துவிடலாம். உத்தரவாதம் கொடுத்தால் பிறகு அதைக் கட்டிக் காக்க வேண்டும். எனவே நான் இரண்டாவது வழிக்கே நின்றேன். “அப்படியானால் எங்கள் பணத்துக்கு என்ன காப்பு?” என்று முதலீட்டாளரின் வழக்கறிஞர் கேட்டதும் நியாயம்தான். புதுப் பங்கு வெளியீடு, நிறுவனத்தைக் கலைப்பது ஆகியவற்றில் வீட்டோ நீடிக்கட்டும், பட்ஜெட்டிலும் நியமனத்திலும் வேண்டாம் என்று இழுபறிக்குப் பின் முடிந்தது.

அடுத்தது சென்சார். நாங்கள் பயன்படுத்தியது அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்கு உட்பட்டது. திட்டத்தின் பலன்கள் வெளிநாட்டுக் கட்டுப்பாட்டில் சிக்கக் கூடாது என்பதால் பிரெஞ்சு சென்சாருக்கு மாறினோம். மென்பொருளில் பாதியைத் திருத்த வேண்டியிருந்தது. பொறியாளர்கள் இன்றும் முணுமுணுக்கிறார்கள்.

மாதிரிக் கருவிக்கான செலவில் நிதியம் தரும் அடிப்படைப் பங்கு 20% மட்டுமே. மீதிக்கு அமைச்சகங்களின் கதவைத் தட்ட வேண்டும். குறைந்தது இரண்டு நாடுகள் வாங்கும் எண்ணத்தைத் தெரிவிக்கவும் வேண்டும். ராணுவ நடவடிக்கைச் செலவை ஒன்றியத்தின் பட்ஜெட்டில் ஏற்ற, ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தம் இடம் தராது. அதனால்தான் நிதியத்தின் சட்டம் தொழில்துறை, ஆராய்ச்சி என்ற கால்களில் நிற்கிறது. சுற்றுவழிதான், ஆனால் கெட்டிக்காரத்தனமான சுற்றுவழி.

பாதுகாப்புத் தளவாடங்கள் வாங்க உறுப்பு நாடுகளுக்கு உதவும் ஒன்றியத்தின் ‘சேஃப்’ கடன் திட்டம் 2025இல் வந்தது; அது 15,000 கோடி யூரோ வரை தருகிறது. அதிலும் இதே கேள்விகள். கூடவே, வெளியிலிருந்து வரும் பாகங்களின் மதிப்பு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு. ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, உக்ரைன் ஆகியவற்றைத் தவிர மற்றவை பொதுவாக ‘வெளி’. இப்போது பெரிய நிறுவனங்கள் எங்களிடம் விலைப்புள்ளி கேட்கும்போதே, எந்தப் பாகம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்ற பட்டியலையும் சேர்த்துக் கேட்கின்றன.