நீல நாற்காலிச் சிறுமியைப் படியெடுத்தல்: பாதி வழியில் சில குறிப்புகள்

அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1878இல் தீட்டிய ‘நீலக் கைப்பிடி நாற்காலியில் சிறுமி’ என்ற தைலவண்ண ஓவியத்தைப் பாதியளவில் படியெடுக்கும் வேலை ஏறக்குறைய பாதியைக் கடந்திருக்கிறது. வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் மூலம் 89.5 செ.மீ. உயரமும் 129.8 செ.மீ. அகலமும் கொண்டது. தூரிகைத் தடம்வரை பெரிதாக்கிப் பார்க்கக்கூடிய படத்தை அக்கலைக்கூடமே இலவசமாகத் தருவதால் நேரில் போகாமலேயே இவ்வேலையைத் தொடங்க முடிந்தது. அச்சு அசலாக ஒரு நகல் செய்வது என் நோக்கமன்று. உட்கார்ந்திருக்கும் ஒருவரை, கணநேரக் காட்சியையும் ஒளியையும் விரைந்த தூரிகை வீச்சுகளில் பிடிக்க முயன்ற மனப்பதிவியல் (இம்ப்ரெஷனிசம்) ஓவியர் எப்படிப் பார்த்தார் என்பதைக் கையால் செய்து அறியவே விரும்பினேன்.

படத்தில் நிகழ்வதாக எதுவுமில்லை. வெள்ளை உடையும் கட்டம்போட்ட இடைக்கச்சையும் அணிந்த சிறுமி, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் மடித்துக் கால்களை அகல விரித்தபடி நாற்காலியில் சரிந்து கிடக்கிறாள். இன்னொரு நாற்காலியில் ஒரு சிறிய நாய் படுத்திருக்கிறது. அவர்களைச் சுற்றி மேலும் சில நீல இருக்கைகள் வெறுமனே கிடக்கின்றன. அக்காலத்துக் குழந்தை உருவப்படங்கள் பலவற்றில், “ஒழுங்காக உட்கார்” என்று அதட்டிய பெரியவர் சட்டத்துக்கு வெளியே இன்னும் நின்றுகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். இந்தச் சிறுமியை அதட்ட யாரும் இல்லை. அலுப்பை மறைத்துக்கொள்ள வேண்டிய தேவையும் அவளுக்கு இல்லை.

கரிக்கோட்டில் அமைப்பை வரையத் தொடங்கியபோது சிறுமியை விட்டுவிட்டு, இருக்கைகளுக்கு நடுவே கிடக்கும் பழுப்புச் சாம்பல் நிறத் தரையை முதலில் ஒரே வடிவமாக வரைந்துகொண்டேன். இருக்கைகளைச் சட்டத்தின் ஓரங்கள் வெட்டிவிடுவதால் எதுவும் முழுப்பொருளாகத் தெரிவதில்லை. தரையோ பின்னோக்கிப் போவதைவிட மேல்நோக்கி ஏறுவதுபோல் இருக்கிறது. அந்த ஒழுங்கற்ற வடிவம் சரியாக அமைந்ததும் நாற்காலிகள் தாமாகவே இடம் பிடித்தன. சிறுமியின் சோம்பல் அவள் உடலில் மட்டும் இல்லை, அவளைச் சுற்றி வெறுமையாக விடப்பட்ட இந்தத் தரையிலும் இருக்கிறது என்பதே இதுவரையான வேலையில் நான் அடைந்த முக்கியமான தெளிவு.

பின்சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிறுமி பிரெஞ்சு ஓவியர் எட்கர் தெகாவின் நண்பர்களுடைய குழந்தை என்றும், உருவம் அவருக்குப் பிடித்திருந்தது என்றும், பின்புலம் பற்றி அவர் யோசனை சொன்னதோடு தாமே அதில் வேலையும் செய்தார் என்றும் கசாட் 1903இல் ஓவிய வணிகர் வொல்லாருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அதே கலைக்கூடம் 2014இல் இருவருடைய படைப்புகளையும் சேர்த்துக் கண்காட்சி நடத்தியபோது, ஓவியத்தை ஆராய்ந்தவர்கள் பின்புலத்தில் தெகாவின் கையை அடையாளம் கண்டார்கள். முதலில் நேராக ஓடிய பின்சுவர் பிறகு சாய்கோட்டில் திரும்பி அறைக்கு ஒரு மூலையைக் கொடுத்திருக்கிறது. இதைச் சோதிக்க இரண்டு சிறு கரிப்படங்கள் வரைந்து பார்த்தேன். நேர்ச்சுவர் வைத்த படத்தில் இருக்கைகள் காத்திருப்பு அறையில் இருப்பவைபோல் வரிசைகட்டி நின்றன. மூலை வைத்த படத்திலோ தரை பின்னால் இருக்கும் சன்னல் வெளிச்சம்வரை ஓடிப் பரவியது. ஆனாலும் படத்தின் பெருமையைத் தெகாவுக்கு எழுதிக்கொடுக்க நான் உடன்படமாட்டேன். சரிந்து கிடக்கும் அந்த உடலைக் கண்டவர் கசாட்தான். மூலை அதற்கு இடம் விட்டது, அவ்வளவே.

கோபால்ட் நீலத்தில் சிறிது விரிடியன் பச்சையும் டைட்டேனியம் வெள்ளையும் கலந்தால் இருக்கைத் துணியின் நிறத்துக்கு அருகில் வர முடிகிறது. நிறம் கிடைத்தாலும் துணி கிடைத்துவிடாது. துணியின் பூவேலையை கசாட் பூக்களாக வரையவில்லை. வெவ்வேறு திசைகளில் போகும் குறுகிய தூரிகை வீச்சுகளை வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஒன்றன்மேல் ஒன்றாக இட்டிருக்கிறார். அருகில் அவை வெறும் கீற்றுகள். நான்கடி தள்ளி நின்றால் மெத்தை. வெள்ளை உடையில் தூய வெள்ளை மிகக் குறைவு. நிழல்களில் நாற்காலியின் நீலம் சாம்பல் கலந்து ஏறியிருக்கிறது.

இந்த ஓவியத்தை 1878ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பிரிவு நிராகரித்தது. தேர்வுக்குழுவின் மூவரில் ஒருவர் மருந்துக்கடைக்காரர் என்று கால் நூற்றாண்டு கழித்தும் அதே கடிதத்தில் கசாட் பொருமியிருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிராகரிப்புக்கு அடுத்த ஆண்டே, 1879இல், அவர் மனப்பதிவியலாளர்களின் கண்காட்சியில் சேர்ந்துகொண்டார்.

என் கித்தானில் தரையும் சுவரும் பெரும்பாலான இருக்கைகளும் முடிந்துவிட்டன; நாய், இடைக்கச்சை, முகம் ஆகியவை மீதமிருக்கின்றன. நீலம் நன்றாக உலர்ந்த பிறகு தட்டைத் தூரிகையால் நாயை முடிப்பேன். தாழ்ந்த பார்வையை மிகச் சில கீற்றுகளில் சொல்லியிருப்பதால், முகத்தைக் கித்தானில் தொடுவதற்கு முன் தனித்தாளில் பலமுறை வரைந்து பழக வேண்டியிருக்கிறது.