தம்பி உள்ளே இருந்தபோது

தம்பி சிங்கப்பூரின் சாங்கிச் சிறைக்குப் போனபோது எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தீர்ப்போடு வக்கீல் வேலை முடிந்துவிட்டது. அப்புறம் எல்லாம் நாங்களே விசாரித்துத் தெரிந்துகொண்டதுதான்.

பார்க்க வருபவர்களின் பெயரை உள்ளே இருப்பவர்தான் கொடுக்க வேண்டும். அது பதிவான பிறகு சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கு வழியாக நேரம் குறித்துக்கொள்ளலாம். தண்டனை பெற்றவருக்கு மாதத்துக்கு 2 சந்திப்புகள்தான். இதில் யார் போவது என்று வீட்டில் சண்டையே வந்தது. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று மனைவி பிள்ளைக்கு என்று முடிவு செய்தோம். எனக்கு வருத்தம்தான், ஆனால் அதுதான் நியாயம்.

தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2-ஆம் எண் பேருந்து. பழைய சிறையின் மதிலும் வாசலும் வழியிலேயே தெரியும். அடையாள அட்டையை மறக்கக் கூடாது. கைப்பேசி உள்ளே வராது, சாப்பாடும் கொடுக்க முடியாது. அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. நேரில் பார்ப்பதென்றால் நடுவில் கண்ணாடி, காதில் ரிசீவர். காணொளிச் சந்திப்பும் உண்டு. முதல் தடவையாவது நேரில் போய்விடுங்கள் என்பேன். முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் பெற்ற மனசு அடங்கும்.

பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாமாம். தம்பி மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா தப்புச் செய்தார், அதற்குத் தண்டனை அனுபவிக்கிறார் என்று நேராகச் சொன்னார். அவர் செய்ததுதான் சரி. பையன் கண்ணாடி முன்னால் நின்று, வாயை அகலத் திறந்து, முன்பல் விழுந்த இடத்தை நாக்கால் தொட்டுக் காட்டினான். தம்பி பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

சந்திப்பு சீக்கிரம் முடிந்துவிடும். எங்களைச் சேர்த்து வைத்திருந்தது கடிதம்தான். மின்கடிதமாகவும் அனுப்பலாம், உள்ளே கைக்கணினியில் படிப்பார்கள். எல்லாம் அதிகாரிகள் பார்வைக்குப் போகும் என்பதால் முதலில் கை வரவில்லை. போகப்போக அது மறந்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் எழுதாதீர்கள். ராத்திரி அதைப் படித்துவிட்டு உள்ளே இருப்பவர் யாரிடம் போய்ச் சொல்வார்? தேக்கா சந்தையில் வஞ்சிரம் விற்ற விலை, எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றுபோனது, அம்மா மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் நான் எழுதினேன். "அக்கா, லிஃப்ட் சரியாயிடுச்சா? அம்மா எப்படி ஏறுறாங்க?" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரி எனக்குப் போதுமாயிருந்தது.

கையில் காசு தட்டுப்பாடு வந்தாலோ பிள்ளை படிப்பில் பின்தங்கினாலோ, சந்திப்பு நிலையத்தில் இருக்கும் குடும்ப வள நிலையத்தில் கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

பெரும்பாலும் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கை முடித்ததும் வெளியே விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த மிச்சக் காலத்தில் மறுபடி தப்புச் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு. அதனால் வெளியே வந்து எங்கே தங்குவது, யாரோடு பழகுவது என்ற பேச்சை இப்போதே கடிதத்தில் ஆரம்பித்துவிட்டோம். வேலை விஷயத்தில், சிறையிலிருந்து வருபவர்களுக்கு உதவும் யெல்லோ ரிப்பன் சிங்கப்பூர் என்ற அமைப்பு கைகொடுக்கும். பகல் வேலையாக இருந்தால் பையனுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித் தரலாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தான். எனக்குத் தெரிந்த இடங்களில் நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.